பின்வேலியோரம் நின்ற ஐம்பத்துமூன்று

பழைய வண்டி விற்கிற இந்த யார்டை விட்டு விலகுகிறேன் என்று நான் சொன்ன அன்று, புதிதாகச் சேர்ந்திருந்த நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "அண்ணை, பிக்கப் வாங்க வாற ஆளிட்டை முதல்ல என்ன கேக்கிறது?" நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். பழைய வண்டிகளோடு இத்தனை காலம் கிடந்தவனுக்கு அது கடினமான கேள்வி இல்லை. பதில் தெரியும். ஆனால் இந்த வருடம் ஏப்ரலில் அதைக் கேட்க வேண்டிய ஒருவரிடம் நான் கேட்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எஞ்சின் சத்தத்தில் நோய் கண்டுபிடிப்பது, துருவுக்கு மேல் பூசிய பெயின்ரை நகத்தால் சுரண்டிப் பார்ப்பது, இதெல்லாம் ஒரு குளிர்காலத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். வாங்க வருகிறவர் கேற்றுக்குள் காலை வைத்ததும், இவர் இன்ன ஆள், இவருக்கு இதுதான் பிடிக்கும் என்று நமக்குள் ஒரு தீர்ப்பு எழுமே, அதுதான் ஆபத்து. அனுபவம் கூடக்கூட அது விரைவாக எழும். நாம் அதைத்தான் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கிழக்கு லண்டனில், இந்தப் பார்க்கிங் ஊரில் எங்கள் யார்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் ஆட்கள். இல்ஃபோர்ட் கடைக்காரர்கள், மோர்டனிலிருந்து ஆறு பேர் சொல்லி ஏழாவதாக வருகிறவர்கள், பாரிசிலும் சூரிச்சிலும் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு இங்கே வந்து தொழில் தொடங்கியவர்கள். இவர்கள் எஞ்சினைப் பார்க்கப் பொனற்றைத் திறக்க முதல் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார்கள். அதன் நடுவில் இருக்கும் இரண்டு இலக்கங்கள் வண்டி பதிவான காலத்தைச் சொல்லும் என்பது இந்த நாட்டுக் கணக்கு. அவற்றைக் கூட்டினால் எட்டு வரக்கூடாது என்பது எங்கள் கணக்கு. எட்டு சனியின் எண். ஐம்பத்துமூன்று வந்தால் எட்டு. முடிந்தது.

ஒருமுறை ஒருவர் நல்ல வான் ஒன்றை வாங்கினார். எடுத்துப் போகிற நாளில் மனைவியும் வந்தார், ரயருக்குக் கீழே வைக்கத் தேசிக்காயோடு. நம்பர் பிளேட்டைப் பார்த்தவர் தேசிக்காயைக் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டு நின்றார்.

"ஊரெல்லாம் சனியனை விரட்டக் கோயிலுக்குப் போகுது. நீங்கள் காசு குடுத்து வீட்டை கொண்டு வாறியளோ?"

"இல்லையப்பா, எஞ்சின் நல்லம்."

"சனியன்ர எஞ்சின் எப்பவும் நல்லாத்தான் இருக்கும்!"

வான் போகவில்லை. அன்றைக்கு முதலாளி ஒரு சட்டம் போட்டார்: எட்டு வருகிற வண்டியெல்லாம் பின்வேலிக்கு. எங்கள் ஆட்களின் கண்ணில் அதைக் காட்டத் தேவையில்லை. வெள்ளைக்காரரும் போலந்துக்காரரும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவன். எனக்கு எண்ணில் நம்பிக்கை கிடையாது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதில் நம்பிக்கை இருக்கிறது என்பதில்தான் எனக்கு அசையாத நம்பிக்கை இருந்தது.

இந்த ஏப்ரல் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போரை நிறுத்தச் சொல்லி முதலாளி ஒவ்வொரு நாளும் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றார். யார்டில் நான் தனி. வருகிற ஒன்றிரண்டு பேரும் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, வன்னியில் செத்தவர்களில் தங்கள் ஆட்களின் பெயரும் கேட்குமோ என்று பயந்தபடிதான் வண்டி பார்த்தார்கள். பயந்த சனத்துக்கு எட்டு இன்னும் பெரிதாகத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் குகன் வந்தார். இல்ஃபோர்ட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், என்னைவிடச் சில வயது இளையவர். கூடவே அவருடைய மகள் ஆரணி.

"அண்ணை, ஒரு குதிரை ஏத்த வேணும்," என்றார்.

"பந்தயக் குதிரையோ தம்பி?"

"பந்தயமோ! சும்மா தந்தாலும் வேண்டாம் எண்டு எல்லாரும் விட்ட கிழட்டுக் குதிரையை என்ர மகள் சும்மா வாங்கிக்கொண்டு நிக்கிறா."

"கிழடு இல்லை அப்பா. செவன்ரீன்தான்."

"உனக்கும் அதே பதினேழுதானே வயசு. ரெண்டும் சொல்வழி கேக்கிறேல்லை."

அவள் சிரித்தாள். விஷயம் இதுதான். ரொம்ஃபோர்ட்டுக்கு அப்பால் ஒரு குதிரை லாயத்தில் அவள் சனிக்கிழமைகளில் வேலை செய்தாள். அந்த நிலத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மற்றக் குதிரைகளுக்கெல்லாம் இடம் கிடைத்துவிட்டது. பெப்பர் என்ற இந்தப் பெண்குதிரையை மட்டும் யாரும் கேட்கவில்லை. லாயக்காரி அதை இவளுக்கே கொடுத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு பண்ணையில் வைத்திருக்கச் சம்மதித்திருந்தார்கள். மாத முடிவுக்குள் கொண்டு போய்ச் சேர்க்காவிட்டால் ஒரு வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போவான். எங்கே கொண்டு போவான் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள்.

ட்ரெயிலரை லாயக்காரி இரவல் தருகிறாள், இழுக்கத்தான் வண்டி வேண்டும், பிறகு தன் கடைக்குச் சாமான் ஏற்றவும் உதவும் என்றார் குகன்.

ஆரணி அதற்குள் யார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். "அங்கிள், பின்னால ஒரு பெரிய டபுள் காப் பிக்கப் நிக்குது. ட்ரெயிலர் கொளுவ டோ பாரும் இருக்கு. அது எப்பிடி?"

அது ஐம்பத்துமூன்று. கனத்த வண்டி, நாலு சில்லும் இழுக்கும். குதிரை ட்ரெயிலருக்கென்றே செய்ததுபோல நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது விலைபோயிட்டுது பிள்ளை."

குகனை முன்வரிசைக்குக் கூட்டிப் போனேன். வெள்ளை நிறச் சின்னப் பிக்கப். முன்னால் மூன்று பேர் இருக்கலாம். ஐம்பத்துநான்கு. கூட்டினால் ஒன்பது. டோ பார் பூட்டித் தருகிறேன் என்றேன். வண்டி சுத்தம், எஞ்சின் சுத்தம். குறை ஒன்றே ஒன்று: குதிரை ஏறிய ட்ரெயிலர் அந்த வண்டியைவிடப் பாரம்.

"இது எவ்வளவு இழுக்கும் அங்கிள்?" என்று ஆரணி கேட்டாள். "ட்ரெயிலர் வெறுசா ஆயிரம் கிலோவுக்குக் கிட்ட. பெப்பர் ஐந்நூறுக்கு மேல. வண்டிப் புத்தகத்தில என்ன போட்டிருக்கு?"

நான் பதிலை அவளுடைய அப்பாவுக்குச் சொன்னேன். "இழுக்கும் தம்பி. இதின்ர எஞ்சினுக்கு அதொரு பாரமே?"

"இழுக்கிறது ஓகே அங்கிள். ஆனா இறக்கத்தில..."

"பிள்ளை, அப்பாவும் நானும் கதைக்கிறம் எல்லோ."

குகனும், "கொஞ்சம் பொறம்மா," என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கும் அந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் ரியூப் ரெயினில் ஏறினால் இறங்கும்வரை போனைக் கையில் வைத்திருக்கிறவன் நான். சைக்கிள் கேட்டபோதுகூட வேண்டாம் என்றேன். பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடக்கூடாது என்று இரவும் பகலும் பதறுகிற ஒருவன், ஒரு பிள்ளை தன்னுடைய உயிருக்கான கேள்வியைக் கேட்டபோது குறுக்கே பேசாதே என்று சொன்னான். இதை எத்தனை தரம் நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது.

கடைசியாகக் குகன் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். "பிள்ளையும் கூட வருவா அண்ணை. பயமில்லைத்தானே?"

"ஓம் தம்பி. நானே ஓட்டிக்கொண்டு வாறன்," என்றேன்.

அது பெருந்தன்மை இல்லை. அவர் இங்கே பிந்தி வண்டி ஓட்டும் ரெஸ்ட் பாஸ் பண்ணியவர், பாரமான ட்ரெயிலர் இழுக்க அவருடைய லைசென்ஸ் இடம் கொடுக்காது. என்னுடையது முன்னம் ஜெர்மனியில் இருந்தபோது எடுத்த பழைய லைசென்ஸிலிருந்து மாற்றியது, எனக்கு ஏலும். மெதுவாகப் போனால் சமாளிக்கலாம் என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் இருந்தது. வண்டி ஓட்டுகிறவன் நானென்றால் பௌதிகம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

நாங்கள் போன காலையில் லாயம் வெறிச்சோடிக் கிடந்தது. லாயக்காரி முதல் நாளே போய்விட்டிருந்தாள். ட்ரெயிலர் முற்றத்தில் நின்றது, லாயத்தில் மிஞ்சியது பெப்பர் மட்டும். பெப்பர் சாம்பல் நிறம், வயிறு கொஞ்சம் தொங்கியிருந்தது. ஆரணி கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி முன்னால் நடந்தாள், அது அவளுக்குப் பின்னால் பலகையில் ஏறி உள்ளே போய் நின்றுகொண்டது. இழுக்கவுமில்லை, தள்ளவுமில்லை.

"பாத்தீங்களோ அண்ணை," என்றார் குகன். "வீட்டில எனக்குப் பின்னால ஒருத்தரும் இப்பிடி வாறேல்லை."

ட்ரெயிலரைக் கொளுவியதும் பிக்கப்பின் முகம் சற்று மேலே தூக்கியது. நானும் கண்டேன், ஆரணியும் கண்டாள். அவள் என்னைப் பார்த்தாள். இந்த முறை கேட்கவில்லை. நடுவில் ஏறி இருந்தாள். குகன் கதவோரம் இருந்தார்.

சமதரையில் எல்லாம் நன்றாகவே போனது. குன்றின் மேல் ஏறும்போது எஞ்சின் முனகியது, ஆனாலும் இழுத்தது. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு இறக்கம் வந்தது. முதலில் ஸ்டியரிங் என் கையில் பாரமில்லாமல் போனது. அடுத்து, பின்னால் யாரோ பிக்கப்பின் வாலைப் பிடித்து ஆட்டுவதுபோல ஒரு அசைவு. கண்ணாடியில் ட்ரெயிலர் இடப்பக்கம் தெரிந்தது, பிறகு வலப்பக்கம், பிறகு முன்னையதைவிட அதிகமாக இடப்பக்கம். வேகம் கூடிக்கொண்டு போனது. நான் அல்ல, அந்தக் குதிரையின் பாரம்தான் இப்போது வண்டியை ஓட்டியது. எதிரே ஒரு லொறி வந்துகொண்டிருந்தது.

என் கால் பிறேக்குக்குப் போனது.

"வேண்டாம்!" ஆரணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "பிறேக் வேண்டாம் அங்கிள்! காலை எடுங்கோ! நேரா மட்டும் பிடியுங்கோ!"

காலை எடுத்தேன். அப்படி ஆடும் நேரத்தில் பிறேக்கை அழுத்தினால் ட்ரெயிலர் பிக்கப்பைத் தூக்கிச் சுழற்றிவிடும். எனக்கு அது தெரியாததல்ல, தெரிந்தது காலுக்குப் போய்ச் சேரவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆட்டம் கூடுமா குறையுமா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான். இவ்வளவுக்கும் என் இடது தோளில் அவளுடைய தோள் முட்டிக்கொண்டிருந்தது. அது என் மகளின் தோள் அளவுதான். லொறிக்காரன் நிலைமையைப் புரிந்துகொண்டு லொறியைப் புல்வரம்பில் ஏற்றி நிறுத்தினான். அவன் கண்ணாடியை எங்கள் ட்ரெயிலர் உரசாமல் போனது எப்படியென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடிவாரத்தில் நிலம் சமமானதும் ஆட்டம் மெல்ல மெல்லச் சின்னதாகி அடங்கியது. ஒரு வயல் கேற்றின் முன்னால் நிறுத்தினேன்.

ட்ரெயிலருக்குள் பலகையை உதைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

ஆரணி குகனைத் தாண்டிக்கொண்டு இறங்கி ஓடினாள். குகன் இறங்கி வேலிப் பற்றைக்குள் குனிந்து வாந்தியெடுத்தார். நான் கடைசியாக இறங்கிப் பின்னால் போனேன்.

பெப்பர் உள்ளே முழங்காலில் விழுந்து, மறுபடி எழுந்து நின்றிருந்தது. இரண்டு முழங்காலிலும் தோல் போய், வாயோரம் இரத்தம். உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கியது. ஆரணி அதன் கழுத்தோடு முகத்தை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டே அதை இறக்கினாள். நடத்திப் பார்த்தாள். கால் முறியவில்லை.

குகன் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணை, பின்னால நிண்ட அந்தப் பெரிய வண்டி. அதெல்லோ இதுக்குச் சரி?"

"ஓம்."

"உண்மையா விலைபோனதோ?"

"இல்லைத் தம்பி. அது ஐம்பத்துமூண்டு. கூட்டினா எட்டு. நீங்கள் விரும்பமாட்டியள் எண்டு..."

"நான் சொன்னனானோ?"

நான் ட்ரெயிலரின் கதவுப் பலகையைத் தூக்கி மூடினேன்.

"நான் பிறந்தது இருபத்தாறாம் திகதி அண்ணை. கூட்டிப் பாருங்கோ." குரலை உயர்த்தவேயில்லை. "எட்டிலை பிறந்தவன் எட்டிலை ஏறினா, அதுக்கு மேலை என்ன வந்திடப் போகுது?"

பிறகு குதிரையின் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கேக்க வேண்டியதை அவள் ஒருத்திதான் கேட்டவள். நாங்கள் ரெண்டு பேருமாச் சேர்ந்து அவளை வாயை மூடப் பண்ணினனாங்கள்."

அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னுடைய பிழையில் பாதியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எதை இழுக்கப் போகிறீர்கள், அது எவ்வளவு பாரம், வண்டியில் யார் இருப்பார்கள். இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொருத்தமான வண்டியைக் காட்டுங்கள், எந்த மூலையில் நின்றாலும். எண் பிடிக்கவில்லை என்றால் அதை அவர் சொல்லட்டும். அவருக்காக நீங்கள் முன்கூட்டியே பயப்படாதீர்கள். பக்கத்தில் நிற்கிற பிள்ளை கேள்வி கேட்டால், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

அடுத்த நாள் ஐம்பத்துமூன்றைக் குகனின் கடை வாசலில் கொண்டுபோய் விட்டு, சின்ன வண்டியைத் திருப்பி எடுத்து வந்தேன். ஐம்பத்துமூன்றில் இப்போது அவர் அரிசி மூட்டை ஏற்றுகிறார். பெப்பரின் முழங்கால் ஆறிவிட்டது. ஆனால் அதன் பிறகு எந்த ட்ரெயிலருக்குக் கிட்டவும் அது போகவில்லை என்று குகன் சொன்னார். இனி அந்தப் பண்ணைதான் அதற்கு. ஆரணி ரெயினும் பஸ்ஸும் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் யார்டிலேயே இருந்திருப்பேன். என்னால் மறக்க முடியாதது அன்று அந்த வயல் கேற்றிலிருந்து பண்ணைவரை நடந்தது.

குதிரையைத் திரும்ப ஏற்றுவதா என்று குகன் கேட்டார். "ஏறு எண்டு நான் அவளைத் திரும்பக் கேக்கமாட்டன் அப்பா," என்றாள் ஆரணி. பண்ணைக்குப் போன் பண்ணி மிருக வைத்தியரை அங்கே வரச் சொன்னாள். பெரிய வீதியை விட்டு ஒரு ஒடுங்கிய பாதை பண்ணைக்குப் போகிறது. அதில் நடத்திக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. அவளுடைய பையில் ஒளிரும் மஞ்சள் அங்கி ஒன்று இருந்தது, அதைக் குகன் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் குதிரையோடு. வெறும் ட்ரெயிலரோடு நான் பின்னால், எச்சரிக்கை விளக்கைப் போட்டபடி, நடைவேகத்தில். பின்னாலாவது அவர்களைக் காத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும் பாதையில் ஒரு குழி வந்தது. ட்ரெயிலர் கடகடத்தது. பெப்பர் காதைப் பின்னுக்கு மடித்து, தலையைத் தூக்கி ஓடப் பார்த்தது. ஆரணி கயிற்றோடு இழுபட்டாள். நிலைப்படுத்திக்கொண்டு, திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டிக் காட்டினாள்: தள்ளி வாருங்கள்.

தள்ளி வந்தேன். மறுபடி ஒரு குழி. மறுபடி அந்தக் கை: இன்னும் தள்ளி. குகன் முன்னாலிருந்து ஓடிவந்து குதிரைக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார். எனக்கும் அவர்களுக்கும் இடையில் அந்த மஞ்சள் முதுகு. மூன்றாம் முறை அவள் திரும்பி என்னைப் பார்த்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வர வேண்டாம்.

நிறுத்தினேன். எஞ்சினையும் அணைத்தேன். குளம்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அவர்கள் வளைவில் மறைந்தார்கள்.

எனக்குப் பின்னால் கார்கள் சேரத் தொடங்கின. பாதையில் முந்திப் போக இடமில்லை. ஒதுங்க ஒரு வயல் வாசல் பக்கத்திலேயே இருந்தது. நான் ஒதுங்கினால் அவ்வளவு காரும் அந்த வளைவில் போய் அவர்களுடைய முதுகில் நிற்கும். நான் அசையவில்லை. ஹோர்ன் அடித்தார்கள். யாரோ ஏதோ கத்தினார்கள். கடைசியில் ஒரு பெரிய மனிதர் காரிலிருந்து இறங்கி வந்து என் கண்ணாடியைத் தட்டினார்.

எதற்காக நிற்கிறாய் என்று கேட்டார்.

முன்னால் ஒரு குதிரை போகிறது என்றேன்.

அவர் நிமிர்ந்து பாதையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வேலிப் பற்றை, நடுவில் வெறும் தார். குதிரையும் இல்லை, ஆளும் இல்லை. என்னைக் குனிந்து பார்த்து ஒரு கெட்ட வார்த்தையால் ஏசினார். அது எனக்கு உரியதுதான், அவர் நினைத்த காரணத்துக்காக அல்ல.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்று சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு அங்கேயே இருந்தேன்.